தங்கை ஊற்றிய தண்ணீர்

சேலத்தில் புதுப் போன் வாங்கப் போயிருந்தேன். பழைய போனில் இருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்த கடைப் பெண், "இந்த கேம் தெறக்கவே மாட்டேங்குதுங்க. எடுத்துரட்டுங்களா?" என்று கேட்டாள். எட்டிப் பார்த்தேன். பச்சை வயல், தொப்பி போட்ட மாடு. அந்த மாட்டைப் பார்த்ததும் மூக்கில் பெயிண்ட் வாடை ஏறியது. சிரிக்காதீர்கள். எனக்கு விவசாயம் என்றால் இன்றும் பெயிண்ட் வாடைதான்.

அப்போது நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றின் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெளியே வெல்டிங்கும் மரத்தூளும் பெயிண்டும். உள்ளே நானும் தனலட்சுமி அக்காவும். அக்காவுக்குப் பரமத்தி வேலூர் பக்கம். வெற்றிலைக் கொடிக்காலில் வளர்ந்து, இனிமேல் சேற்றில் கால் வைப்பதில்லை என்று கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவர். அவரைத்தான் நான் மறுபடி விவசாயி ஆக்கினேன்.

அந்த வயல் விளையாட்டை நான் ஆடுவதைப் பார்த்து, "எனக்கும் போட்டுக் குடு சாமி" என்றார். போட்டுக் கொடுத்தேன். போன் எதைக் கேட்டாலும் படிக்காமல் சரி, சரி என்று அமுக்குவது என் குணம். அப்படி அமுக்கியதில் அக்காவின் போனிலிருந்த எண்களையெல்லாம் அது துழாவி, ஏற்கெனவே அதை ஆடிக்கொண்டிருந்த ஒருவரைப் பக்கத்து வயல்காரராகக் கொண்டுவந்து உட்கார்த்திவிட்டது. பெயர் கலைச்செல்வி. அக்காவின் கூடப்பிறந்த தங்கை. அயோத்தியாப்பட்டணத்தில் வீடு கட்டியபோது, நேரில் வந்து அழைக்காமல் பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பினார் என்பதற்காக நான்கு வருடமாக அக்கா பேசாதிருந்த தங்கை.

இரண்டு நாள் அக்கா என்னோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, வாடிக் கிடக்க வேண்டிய அவருடைய கத்தரிச் செடிகள் நிமிர்ந்து நின்றன. கீழே ஒரு வரி: 'கலைச்செல்வி தண்ணீர் ஊற்றினார்.'

"கை தவறி ஊத்தியிருப்பா" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, நான் கவனிக்கவில்லை என்று நினைத்து, தங்கையின் தக்காளிக்கு ஒரு குடம் ஊற்றினார்.

மூன்று வருடம் இப்படியே ஓடியது. அதில் பேசவோ எழுதவோ முடியாது. தண்ணீர் ஊற்றலாம், பரிசு அனுப்பலாம், அவ்வளவுதான். விளையாட்டுக்கு முடிவு என்று ஒன்றும் கிடையாது. வாரம் மூன்று நாள் ஒரு திருவிழா. அந்த மூன்று நாளில் எட்டிப் பார்க்காவிட்டால் பரிசு வாத்து கிடைக்காது. வாத்துக்காக அக்கா லீவு போட்டிருக்கிறார். நான் ஒரு தங்கச் சேவலுக்கு மதியச் சாப்பாட்டுக் காசைக் கட்டியவன். நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு, கோழிக்கா பஞ்சம்?

ஒருநாள் ஆங்கிலத்தில் அறிவிப்பு வந்தது. நான் படித்துச் சொன்னேன். முப்பது நாளில் சேவை நிறுத்தப்படும்.

"நிறுத்துனா என்ன? நம்ம வயலு நம்மகிட்டதான இருக்கும்?"

"இல்லீங்க்கா. எல்லாம் அவங்க கம்ப்யூட்டர்ல இருக்குது. அத அணைச்சா வயலும் போயிரும்."

"அப்ப இத்தன நாளும் குத்தகைக்கா ஓட்டிட்டு இருந்தோம்?"

"அப்படித்தானுங்க. ஆரம்பத்துலயே நாம சரின்னு சொல்லியிருக்கறோம்."

"நான் எங்க சொன்னேன்? நீதான அமுக்குன."



கடைசி நாள். மாலை நான்கு மணிக்கு மூடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா எல்லாவற்றையும் அறுத்து முடித்து, காலி நிலத்தில் மறுபடி கத்தரி நட்டார். விளைய ஆறு மணி நேரம் ஆகும்.

"இது வெளையறதுக்குள்ள மூடிருவாங்களேக்கா?"

"அதுக்காக வெறும் நெலமா உட்டுட்டுப் போறதா?"

நட்டு முடித்ததும் அந்த வரி வந்தது. கலைச்செல்வி தண்ணீர் ஊற்றினார். அக்கா திருப்பி ஊற்றக் குடத்தைத் தொட்டார். திரை அப்படியே நின்றது. ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அது சுற்றுவதை அக்கா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு எண்ணைப் போட்டுப் போனைக் காதில் வைத்தார்.

"நாந்தான்."

"தெரியுது" என்று மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது. "நான் ஊத்துன தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு. நான் ஊத்தறதுக்குள்ளதான் நின்னு போச்சு. இனி எப்புடிடி?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "ஞாயித்துக்கெழம நேர்ல வந்து கூப்புடறேன். ஊட்டுக்கு வாக்கா."

சொன்னபடி தட்டில் பூவும் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு, புதுமனை புகுவிழாவுக்கு ஏழு வருடம் தாமதமாக வந்து அழைத்தார். அக்காவும் போனார். இப்போது தினமும் பேசிக்கொள்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு முறை சண்டை. பேச முடியாத வயலில் மூன்று வருடமாக ஒரு சண்டை இல்லை.

அக்காவுக்காவது தங்கையின் எண் இருந்தது. என் வயலுக்கு இடப்பக்கம் 'மயில்வாகனம்' என்ற பெயரில் ஒருவர் இருந்தார். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்த ஒரு வாரமும் என் சோளம் வாடாமல் பார்த்துக்கொண்டவர். எந்த ஊர், ஆணா பெண்ணா, அது உண்மைப் பெயர்தானா, ஒன்றும் தெரியாது. அந்த நான்கு மணிக்கு என் சேவல் போயிற்று, சோளம் போயிற்று. அவரும் போய்விட்டார்.