ஐந்து மாதக் குழந்தையின் வலது கை

பிசியோதெரபி படித்து வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னும் ஆறவில்லை.

அப்போது ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பேபி சென்டரில் வேலை. கைக்குழந்தைகளைக் குப்புறப் போட்டுத் தலையைத் தூக்கப் பழக்குவது, கிலுகிலுப்பைச் சத்தம் வரும் பக்கம் திரும்ப வைப்பது, இதற்குத்தான் கார் போட்டுக்கொண்டு வருவார்கள். காயத்ரி தன் ஐந்து மாத மகள் ஆதிரையைக் கொண்டுவந்தாள். கிலுகிலுப்பையை இடது பக்கம் நீட்டினால்கூட ஆதிரை உடம்பைத் திருப்பி வலது கையால்தான் பிடித்தாள். இடது கை, கட்டைவிரல் உள்ளே மடங்கி, மூடியே கிடந்தது.

காயத்ரிக்கு அதில் ஒரே பெருமை. "பீச்சாங்கையால எதையுமே வாங்க மாட்டா மேடம். யாரும் சொல்லிக் குடுக்கல, அவளுக்கே தெரியுது." வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் பொம்மையை நீட்டிப் பார்த்து மெச்சுகிறார்களாம்.

ஒரு வயது வரை குழந்தைக்கு இரண்டு கையும் ஒன்றுதான். அதற்கு முன்பே ஒரு கையை மட்டும் நீட்டினால், மற்ற கைக்கு மூளை கொடுக்கும் உத்தரவில் கோளாறு இருக்கலாம். உடனே நியூராலஜிஸ்டைப் பார்க்கச் சொன்னேன். சீக்கிரம் ஆரம்பித்தால் அந்தக் கையை நிறையவே பழக்கலாம் என்றும் சொன்னேன்.

மறுநாளே ஓனரிடம் புகார் போயிருந்தது. "அவங்க குழந்தையோட விளையாட வராங்கம்மா. வியாதி கேக்கவா வராங்க?" என்றார். ஆதிரையை வேறொரு பெண்ணிடம் மாற்றினார். அந்தப் பெண், குழந்தை சிரிக்க வேண்டுமென்று எல்லாவற்றையும் வலது பக்கமே நீட்டினாள். காயத்ரியை லிஃப்ட் வாசலில் மறித்து மறுபடி சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த மாதமே என் சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

பிறகு திருவான்மியூரில் சொந்தமாக ஒரு தெரபி ரூம் போட்டேன். ஒன்றரை வயதில் ஆதிரையை அவள் அப்பா அங்கே தூக்கிவந்தார். இடது கை மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது. இடது காலை விரல் நுனியில் ஊன்றினாள். டாக்டர் ஹெமிப்ளீஜியா, அதாவது ஒரு பக்க வாதம், என்று எழுதியிருந்தார். அன்றைக்கே சொன்னேனே என்று வாய்வரை வந்தது. அவரே முந்திக்கொண்டார்.

"நீங்க சொன்னீங்கன்னு ஒய்ஃப் சொன்னா மேடம். இவ்ளோ சீரியஸ்னா நீங்க இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்."

குழந்தையை மடியில் வாங்கினேன். போன ஒரு வருஷத்தை இனி யாராலும் அவளுக்குத் தர முடியாது.

நான் கற்றது இதுதான். குழந்தை நீட்டுகிற கையை ஊரே பார்த்துக் கைதட்டும். நீட்டாத கையை நீங்கள் பாருங்கள். சொன்னாலும் திட்டு விழும், சொல்லாவிட்டாலும் திட்டு விழும். அதனால் சொல்லிவிடுங்கள். ஏதாவது ஒரு வீட்டில் காது கொடுத்துக் கேட்பார்கள், அந்தக் குழந்தையின் கையாவது பிழைக்கும்.