குனியாத ஐயரும் எழும்பாத அண்ணாச்சியும்

எங்கள் தென்காசிப் பக்கத்தில் கிறிஸ்தவ வேதக்காரர்கள் நாங்கள் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். சர்ச்சும் எங்களுக்குக் கோயில்தான். அங்கே மணி அடித்து, விளக்கேற்றி, பெருக்கி வைக்கிறவர் கோயில்குட்டி. என் வீட்டுக்காரர் கோயில்குட்டி. மணி அடிப்பது அவர், பெருக்குவது நான், பேர் மட்டும் அவருக்கு. வௌவால் புழுக்கையை அள்ளி அள்ளியே என் வாலிபம் போயிற்று. சிரிக்காதீர்கள், அதுவும் ஊழியம்தான்.

அப்போது எங்களுக்கு இருந்த ஐயர் மனைவியை இழந்தவர். சோறு நான்தான் கொண்டுபோவேன். முதுகில் ஏதோ விலகிவிட்டது என்று தெற்கே ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து அனுப்பினார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் இடுப்பிலிருந்து இடது பெருவிரல் வரைக்கும் நரம்பு எரிந்தது. அங்கி உரசினாலே பல்லைக் கடிப்பார். "மொளகாய அரைச்சு உள்ள பூசின மாதிரி இருக்குட்டீ" என்பார். எனக்கு மிளகாய் அரைத்துக் கை எரியும். அது ராத்திரிக்குள் போய்விடும். அவருக்குப் போகவே இல்லை.

அவரால் குனிய முடியவில்லை. எங்கள் கோயிலில் அது பெரிய குற்றம். இராப்போஜனம் என்கிற அப்ப ஆராதனைக்குச் சபையார் பீடத்து முன் கிராதி ஓரமாக வரிசையாய் முழங்காலிடுவார்கள். ஐயர் ஒவ்வொருவருக்கும் குனிந்து கையில் அப்பம் வைக்க வேண்டும், திராட்சரசக் கிண்ணத்தை உதட்டில் சாய்க்க வேண்டும். ஒருமுறை குனிந்தவர் கிராதியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர். பின்வரிசைப் பெண்கள், "உள்ள என்ன பாவம் இருக்கோ!" என்று குசுகுசுத்தார்கள்.

சபைக் கமிட்டியில் ஒரு அண்ணாச்சி. சுரண்டையிலிருந்து வந்து தென்காசியில் அரிசி மண்டி வைத்தவர். மூட்டை மாதிரியே இருப்பார். ஐயர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"ஊரு சனத்துக்கெல்லாம் செபிச்சுச் சொகமாக்குதீரு, ஒம்ம முதுகு மட்டும் ஆண்டவருக்குக் கேக்கலையோ? அடுத்த இராப்போஜனத்துல குனியணும். இல்லன்னா வேற ஐயரக் கேட்டு வாங்கிருவோம்."

"எங்க போவேன் அண்ணாச்சி?"

"அத நீருதான் யோசிக்கணும். அதுக்கு முன்னால குத்தாலத்துல போயி நில்லும். சாரல் நல்லா விழுது. முதுகுல ரெண்டு நாழி அடிச்சா எந்த நரம்பும் எடத்துக்கு வந்திரும்."

எங்கள் ஊரில் எல்லா நோய்க்கும் அந்த ஒரே மருந்துதான். பைத்தியத்தையும் அருவியில்தான் நிறுத்துவோம். மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு குழிக்கும் ஐயர் "ஆண்டவரே" என்றார். அண்ணாச்சி, "நல்லா செபிக்காரு" என்றார். மாற்றுத்துணியும் கட்டுச்சோறும் சுமந்துகொண்டு நானும் போனேன். சோற்றைக் குரங்கு கொண்டுபோனது தனிக்கதை.

எண்ணெய் தேய்க்கிறவன் ஐயர் முதுகைப் பார்த்துவிட்டுத் தயங்கினான். "தழும்பு மேலதான் கூடுதலாத் தட்டணும்லே" என்றார் அண்ணாச்சி. பாறையில் தாளம் போடுகிற மாதிரி தட்டினான். அப்புறம் ஆளுக்கொரு கையைப் பிடித்து அருவிக்குள் தள்ளினார்கள். மலையிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி தண்ணீர். ஐயர் போட்ட சத்தம் அருவிச் சத்தத்தையும் தாண்டியது.

"பாத்தீங்களாவே, எப்படி ரசிச்சுக் குளிக்காரு!" என்று அண்ணாச்சி கைதட்டினார்.

தூக்கிக்கொண்டுதான் வந்தோம். அதற்கப்புறம் இடது காலோடு வலது காலும் எரிந்தது.

இராப்போஜன ஞாயிறு வந்தது. ஐயர் கம்பை ஊன்றி வந்து நின்றார். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் ஆராதனை முழுவதும் மனப்பாடம். அன்றைக்கு அவர் சொன்னது அதில் இல்லாதது.

"இன்னைக்கு யாரும் முழங்கால் போட வேண்டாம். என்னால குனிய முடியாது. நின்னு வாங்குங்க."

சபையார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மெதுவாக வந்து நின்றார்கள். அண்ணாச்சி மட்டும் நடுவில் தொம்மென்று முழங்காலிட்டு, கண்ணை மூடிக் கையை நீட்டினார். ஐயர் இந்தப்பக்கம் நின்றவருக்குக் கொடுத்தார். அடுத்து அந்தப்பக்கம் நின்றவருக்குக் கொடுத்தார்.

"ஐயரே, நான் இங்கன இருக்கேன்."

"தெரியுது அண்ணாச்சி. எழும்பினாத் தாரேன்."

"குனிஞ்சா வாங்குதேன்."

வரிசை வரிசையாக வந்து வாங்கிப் போனார்கள். நீட்டிய கை நீட்டியபடி. ஐயர் நிதானமாகக் கிண்ணத்தைத் துடைத்தார், துணியால் மூடினார், ஆசீர்வாதம் சொல்லிவிட்டார். அண்ணாச்சிக்கு அதற்குள் கால் மரத்துப்போயிற்று. எழும்ப முடியவில்லை. இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். ஆள் எழும்பினார், வேட்டி எழும்பவில்லை. நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கியதில் மணியே அடித்துவிட்டது.

மத்தியானச் சோறு வேகும் முன்பே கமிட்டி கூடியது. ஐயருக்கு மாற்றல், வடகரைக்கும் அப்பால் மலையடியில் ஒரு குக்கிராமம். வைத்தியரும் கிடையாது, நல்ல பாதையும் கிடையாது. ஆளைப் பார்த்துத்தான் ஊரைப் பொறுக்கியிருந்தார்கள். புதிதாக வந்த ஐயருக்கு வாழைத்தண்டு மாதிரி முதுகு. அண்ணாச்சிக்கு முதல் ஆளாகக் குனிந்தார்.

பழைய ஐயரை வண்டியில் வைக்கோல் பரப்பிக் குப்புறப் படுக்கவைத்தோம். சோற்றுத் தூக்கைப் பக்கத்தில் வைக்கும்போது முகத்தைத் திருப்பினார்.

"அன்னைக்குக் கோயில்ல நீ சிரிச்சியாட்டீ?"

"சிரிச்சேன் ஐயரே. பொய் சொல்லக்கூடாதுல்லா."

"நானும் உள்ளுக்குள்ள சிரிச்சேன். சிரிச்சதும் கால் ரெண்டும் நெருப்பாப் புடிச்சிட்டு."

சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். அடுத்த நொடியே வைக்கோலைக் கடித்துக்கொண்டு அலறினார். வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான்.