செபமாலைக் கணக்கில் பதுவை

“என்னைக் கண்ணைக் கட்டிப் பதுவை ஸ்டேசனிலை இறக்கி விடுங்கோ. ஒருத்தரிட்டையும் வாய் திறந்து வழி கேளாமல் அந்தோனியார் கோவில் வாசலிலை போய் நிப்பன்.”

ஞாயிறு பூசை முடிந்து, கோவில் மண்டபத்தின் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் நின்று கிறகரி இதைச் சொல்லும்போது, அவருடைய இடக்கை தானாகவே தோள்பைக்குள் போய்விடும். வெளியே வருவது நான்கு தாள்கள். பிளாஸ்டிக் உறை போட்டு, மூலையில் துளையிட்டு, கழுத்தில் மாட்ட நூலும் கோத்தவை. பதுவை நகரை வழிகாட்டி இல்லாமல் நடந்து பார்ப்பதற்கான நான்கு வழிகள். இத்தாலி போகிறவர்களுக்கு இலவசம். போகாதவர்களுக்கும் இலவசம். கியூபாக் கடற்கரைக்குப் போவதாகச் சொல்லி விடைபெற வந்த ஒரு குடும்பமும் ஒரு கட்டுடன்தான் திரும்பிப் போனது.

கிறகரிக்கு வயது அறுபத்து மூன்று. மொன்றியலின் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் இருபத்தாறு வருடமாகப் பெட்டிகளுக்கு விலாசம் ஒட்டுகிறார். அவர் ஒட்டிய பெட்டி ஒன்றுகூட இதுவரை ஊர் மாறிப் போனதில்லை. ஒட்டியவரின் கதை வேறு. றோட்டுத் திருத்தத்துக்காகப் பஸ் இரண்டு தெரு தள்ளிப் போன நாளில், அவர் வேலைக்கு ஒன்றேகால் மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தார். வழி தவறியதாக அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “மொன்றியல் ஒரு ஒழுங்கில்லாத பட்டினம். பதுவையிலை இப்பிடி நடக்காது” என்றார். சனிக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தையில் தக்காளி விற்கும் இத்தாலியக் கிழவருக்கு, ஆட்கள் திரும்பிப் பார்க்கும்படி, “பொன்ஜோர்னோ!” என்று ஒரு குரல் கொடுப்பார். கிழவர் மகிழ்ந்துபோய்ப் பதில் சொல்ல வாயைத் திறக்கும் அந்தக் கணத்தில் கிறகரிக்கு எங்கிருந்தோ ஓர் அவசரத் தொலைபேசி அழைப்பு வந்துவிடும்.

தாள்களின் சிறப்பு, அவற்றில் மைலும் இல்லை, கிலோமீற்றரும் இல்லை என்பது. தூரம் முழுவதும் செபமாலைக் கணக்கு, மணிக்கு ஒரு மந்திரம். “ஸ்டேசன் வாசலிலிருந்து நேராக ஒரு பத்து மணி சொல்லி நடக்கவும். பத்தாவது அருள் நிறை மந்திரம் முடியுமிடத்தில் இடப்பக்கம் திரும்பவும். அங்கிருந்து மூன்று பத்து மணி. பிறகு பாலம்.” யாத்திரிகர் நடந்த மாதிரியும் ஆயிற்று, செபித்த மாதிரியும் ஆயிற்று. இந்த ஏற்பாட்டில் இன்னொரு வசதியும் இருந்தது. அது மூன்று வருடங்களுக்கு முன், அதே கோவிலுக்கு வரும் அனோஜினி இத்தாலி போய் வந்து மண்டபத்தில் அவரைப் பிடித்தபோதுதான் வெளிப்பட்டது.

“அங்கிள், உங்கட கணக்குப்படி நடந்து நாங்கள் ஒரு கார் கராஜுக்கை போய் நிண்டனாங்கள்.”

“எந்தப் பத்திலை?”

“ரெண்டாவதிலை.”

“அப்ப நீங்கள் ஓட்டமாய்ச் சொல்லியிருக்கிறியள், பிள்ளை. ஆறுதலாய்ச் சொல்லியிருந்தால் பாலம் வந்திருக்கும்.”

“சரி. மூண்டாவது தாளிலை ‘இங்கே பார்க்க ஒன்றுமில்லை, விரைவாகக் கடக்கவும்’ எண்டு போட்டிருக்கிறியள். அந்த இடத்திலைதான் பெரிய சந்தையும், அதுக்கு மேலை கப்பல் மாதிரி ஒரு மண்டபமும் கிடக்கு. சனம் அள்ளுப்படுது.”

“அது இப்ப கட்டினதாய் இருக்கும்.”

“எண்ணூறு வருசப் பழசாம், அங்கிள்.”

“அவை அப்பிடித்தான் சொல்லுவினம்” என்று கிறகரி தேநீரை உறிஞ்சினார்.

அனோஜினி வாய் விட்டுச் சொன்னதால் தெரிந்தது. மற்றவர்கள் வாய் திறக்கவேயில்லை. வழி தவறினேன் என்று சொல்வது, செபமாலையை ஒழுங்காகச் சொல்லத் தெரியாது என்று கோவில் மண்டபத்தில் நின்று ஒத்துக்கொள்வதாகும். எனவே பதுவையில் கராஜுகளையும், பள்ளிக்கூட மதில்களையும், யாரோ ஒரு பல்வைத்தியரின் வாசலையும் தரிசித்துத் திரும்பிய மொன்றியல் கத்தோலிக்கர்கள் எல்லோரும், “தாள் நல்ல உதவி, அண்ணை” என்று சொல்லிக் கையைக் குலுக்கினார்கள். கிறகரியின் புகழ் இவ்வாறு வருடந்தோறும் வளர்ந்தது.

உண்மை இதுதான். கிறகரி பதுவையில் பதினொரு மாதம் இருந்தார். 1991 பங்குனியில் ஏஜென்சிக்காரன் ஒன்பது தமிழ்ப் பெடியன்களை மூடிய வான் வண்டியில் கொண்டு வந்து, ஸ்டேசனுக்குப் பின்பக்கத்து மாடிவீடொன்றில் ஓர் அறைக்குள் விட்டுப் பூட்டினான். ‘அடுத்த கிழமை கனடா’ என்று ஒவ்வொரு கிழமையும் சொன்னான். யன்னலைத் திறக்கக்கூடாது, சத்தமாகக் கதைக்கக்கூடாது. வானிலிருந்து வாசலுக்குப் பதினாறு காலடி. அடுத்த வருடம் மாசியில் வாசலிலிருந்து வானுக்கு அதே பதினாறு. பதுவை மாநகரில் கிறகரி நடந்த மொத்தத் தூரம் முப்பத்திரண்டு காலடி.

அந்த அறைச் சுவரின் ஈரத்தை மறைக்க யாரோ ஒரு நகர வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். விசர் பிடிக்காமல் இருக்க, கிறகரி அதற்குள் நடக்கத் தொடங்கினார். கட்டைவிரல் நகத்தின் அகலம் ஒரு பத்து மணி என்று வைத்துக்கொண்டு, செபமாலையை உருட்டியபடி சுவரிலிருந்து சுவருக்குப் போவார், திரும்புவார், ‘இப்ப பாலம்’ என்பார், ‘இப்ப கோவில் வாசல்’ என்பார். மற்ற எட்டுப் பேரும் கால்களை மடக்கி வழிவிடுவார்கள். வரைபடத்தின் நடுவில் ஒரு துண்டை ஈரம் தின்றிருந்தது. அதுதான் ‘இங்கே பார்க்க ஒன்றுமில்லை.’

அந்த எட்டுப் பேரில் மொன்றியலில் இருப்பவர் நீக்கிலாப்பிள்ளை ஒருவர்தான். அஹுன்ட்சிக்கில் இருக்கிறார். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் கிறகரி அவருக்கு ஒரு நல்ல விஸ்கிப் போத்தல் கொண்டுபோய்க் கொடுப்பார். எதற்காக என்று இருவரும் கதைப்பதில்லை.

ஒரு மனிதர் தானிருந்த சிறையைச் சுற்றுலாத் தலமாக மாற்றுவதற்கு ஒரு காரணம் வேண்டும். கிறகரியின் காரணம் திரேசம்மா. கலியாணம் முடித்து ஐந்தாம் மாதம் புறப்பட்ட புருசனிடமிருந்து ஒரு சொல்லும் வராமல், அவர் யாழ்ப்பாணத்தில் மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தார். தொலைந்ததைத் தேடித் தருபவர் பதுவை அந்தோனியார். ஆகவே அவரிடமே நேர்த்தி வைத்தார்: “இந்த மனுசனைத் தேடித் தாரும். ரெண்டு பேருமாய் உம்மட ஊருக்கு வந்து, ஸ்டேசனிலையிருந்து காலாலை நடந்து வந்து நன்றி சொல்லுறம்.” எட்டாம் மாதம் கடிதம் வந்தது. பதுவையிலிருந்தே வந்தது. “நான் சுகமாக இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோனியார் கோவிலுக்கு நடந்து போய் உமக்காகச் செபிக்கிறேன். நல்ல வடிவான ஊர்” என்று கிறகரி எழுதி, ஏஜென்சிக்காரன் கையில் தபாலுக்குக் கொடுத்திருந்தார். பூட்டிய அறைக்குள்ளிருந்து இருபத்தொன்பது வயதுக்காரன் ஒருவன் இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு வேறு எதை எழுதுவான்? திரேசம்மா அதை ஊர்க்கோவிலில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். அன்றைக்குத் தொடங்கியது வினை.

கனடாவில் அந்த நேர்த்தி முப்பது வருடம் தள்ளிப்போனது. பிள்ளைப்பேறு, வீட்டுக் கடன், பிள்ளையின் சோதனை, இத்தாலியில் வெக்கை, இத்தாலியில் குளிர், இத்தாலியில் வேலைநிறுத்தம். உலகத்தில் கொரோனா வந்தபோது அதற்காக உள்ளூர நன்றி சொன்ன சிலரில் கிறகரியும் ஒருவர். ஒருமுறை மகள் ஷெரோன் கணினியில் பதுவைத் தெருக்களைத் திறந்து வைத்துவிட்டு, “பப்பா, தாள் எல்லாம் வேண்டாம், இதிலை நடந்தே பாக்கலாம்” என்றாள். அவள் போன பிறகு அவர் தனியே இருந்து பார்த்தார். நிழல் விழுந்த நடைபாதைகள். வெளியே கதிரை போட்டு இருந்து ஆட்கள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு மாதமும் அவர்கள் அங்கேதான் இருந்து குடித்திருக்கிறார்கள். கிறகரி கணினியை மூடிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனார்.

இந்த வருடம் திரேசம்மாவின் வலது முழங்காலை மாற்ற ஆடி மாதத்தில் திகதி கொடுத்தார்கள். திரேசம்மா ஒரு விசயத்தில் தெளிவாக இருந்தார். “நேர்த்தி வைச்ச காலாலைதான் போகவேணும். அவங்கள் போடப்போற இரும்புக் காலாலை இல்லை.” ஆனியில் பங்குக் கோவில் ஒழுங்கு செய்த யாத்திரையில் இரண்டு பேரின் பெயரும் பதியப்பட்டது. மண்டபத்தில் ஒரே ஆரவாரம். “கிறகரி அண்ணை வாறார், இனி கைட் என்னத்துக்கு?” என்று பங்குச் சுவாமியே சொன்னார். நாற்பது பேர், ஒரு ஸ்டேசன் வாசல், எல்லார் கண்ணும் தன் மூக்கின் நுனியில். அந்தப் படம் கிறகரிக்குச் சாப்பாட்டுத் தட்டில் தெரிந்தது, கண்ணாடியில் தெரிந்தது, பெட்டிகளின் விலாசத்தில் தெரிந்தது.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு அவர் அறை வாசலில் வந்து நின்றார்.

“இஞ்சாரும், பொஸ் லீவு தரமாட்டானாம். இன்ஸ்பெக்சன் வருதாம்.”

திரேசம்மா சூட்கேசுக்குள் மடித்து வைத்திருந்த அவருடைய இரண்டு சேட்டுகளையும் எடுத்துக் கட்டிலில் வைத்தார். இருபத்தாறு வருடத்தில் லீவு கேட்டு கிறகரி ஒருநாளும் பொஸ்ஸிடம் போனதில்லை, இந்த முறையும் போயிருக்கமாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

“அப்ப நேர்த்தி?”

“நீர் நடந்தால் நான் நடந்த மாதிரித்தானே.”

“அதை அந்தோனியாரிட்டை ஆர் சொல்லுறது?”

“நாலு தாளும் தாறன். ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை.”

“தாங்கோ” என்றார் திரேசம்மா. வாங்கியதைப் பார்க்கவில்லை. சேட்டுகள் இருந்த இடத்தில் வைத்துச் சூட்கேசை மூடினார்.

ஐந்தாம் நாள் காலை ஒன்பதரைக்கு, களஞ்சியத்தில் கோப்பி நேரம். தொலைபேசி அடித்தது. அங்கே பின்னேரம் மூன்றரை.

“இஞ்சாருங்கோ, ஸ்டேசன் வாசலிலை நிக்கிறன். மற்றாக்கள் எல்லாம் பஸ்ஸிலை நேரை கோவிலுக்குப் போட்டினம். நான் மாட்டன் எண்டு இறங்கிட்டன். எந்தப் பக்கம்?”

கிறகரி தொண்டையைச் சரிசெய்தார். “நேரை ஒரு பத்து மணி சொல்லி நடவும். முடியிற இடத்திலை இடப்பக்கம்…”

“செபமும் சொல்லி நடக்கவும் எனக்கு மூச்சுக் காணாது. எந்தப் பக்கம் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

கிறகரி கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு போர்க்லிப்ட் பீப் பீப் என்று பின்வாங்கிக்கொண்டிருந்தது.

“நீக்கிலாப்பிள்ளை அண்ணைக்குப் போத்தல் குடுத்தால் வாய் மூடாது, திறக்கும்” என்றார் திரேசம்மா. குரலில் கோபம் இல்லை. அதுதான் மோசமாக இருந்தது. “பன்னிரண்டு வருசமாய் எனக்குத் தெரியும். அறையும் தெரியும், சுவரும் தெரியும்.”

“திரேசம்…”

“நீங்களாய்ச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஊரிலை உள்ள எல்லாற்றை கழுத்திலையும் தாளைக் கட்டித் தொங்கவிட்டியள். எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை.”

“அந்தக் கடிதம்… நீர் பயப்பிடக்கூடாது எண்டுதான்…”

“கடிதம் கிடக்கட்டும். நேர்த்தி ரெண்டு பேருக்கும் வைச்சது. போனை வையாதேங்கோ. நான் இப்ப நடக்கவேணும். எந்தப் பக்கம்?”

கிறகரி சுவர்ப் பக்கம் திரும்பினார்.

“தெரியாது” என்றார். “பக்கத்திலை ஆரையும் கேளும்.”

தொலைபேசிக்குள் திரேசம்மா யாரையோ மறிக்கும் சத்தம் கேட்டது. “சந்தந்தோனியோ?” என்று கோவிலின் பெயரைச் சொல்லிக் கேட்டார். ஒரு பெண்குரல் விறுவிறுவென்று ஏதோ சொன்னது, சிரித்தது. பிறகு ஊன்றுகோல் கல்லில் ஒருமுறை தட்டியது. இன்னொருமுறை. களஞ்சியத்தின் மறுகோடியிலிருந்து மேற்பார்வையாளர், “கிறகோர், அலே, அலே!” என்று வேலைக்குக் கூப்பிட்டார். கிறகரி மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டார்.

“இப்ப என்ன தெரியுது?”

“ட்ராம் ஒண்டு போகுது. ரெண்டு பக்கமும் மரம்.”

“பிறகு?” என்று கேட்டார் கிறகரி.