ருசி பார்க்காத றெஜினோல்ட்

ஒக்லாந்தின் தெற்கோரம் பாபகூராவில் இருக்கும் றெஜினோல்ட் பதினொரு வருடமாகச் சுற்றுலா வான் ஓட்டுகிறான். வெள்ளி காலையில் ஒக்லாந்து நகரத்தில் பத்துப் பேரை ஏற்றுவான். பொம்பே மலையைத் தாண்டித் தெற்கே போய், ஏரிக்கரைத் திராட்சைத் தோட்டங்களில் ஒரு இரவு தங்கவைத்து, சனி பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்து இறக்குவான். ஞாயிறு வேலை எடுப்பதில்லை. அது கோயிலுக்கு.

வான் புறப்பட்டதுமே சொல்லத் தொடங்கிவிடுவான். ஏரியில் துடுப்புப் படகு விடலாம், கரையைச் சுற்றிச் சைக்கிளில் போகலாம், ஆட்டுப்பாலில் சீஸ் செய்வதைப் பார்க்கலாம், பிறகு நாலு தோட்டங்களில் வைன் ருசிக்கலாம். எதில் பேரிக்காய் மணக்கும், எது நாக்கின் ஓரத்தில் புளிக்கும், எதைக் கொஞ்சம் பொறுத்துக் குடிக்கவேண்டும் என்றெல்லாம் விளக்குவான். கேட்கிறவர்களுக்கு நாவூறும். இவ்வளவையும் சொல்கிறவன் அதில் ஒரு சொட்டையும் வாயில் வைத்தவனில்லை. மற்றவர்கள் குடித்துவிட்டுச் சொன்னதைக் கேட்டுக் கேட்டே படித்துக்கொண்டான்.

வான் ஓட்டுகிறவன் குடிக்காமல் இருப்பது யாருக்கும் அதிசயமாகப் படாது. அதனால் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பூசையில் வைன் கிண்ணத்தை நீட்டும்போதும் அவன் அப்பத்தோடு திரும்பிவிடுவான். டொக்டர் ஏதாவது சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் யூட். ஹில்ஸ்பரோவில் இருக்கிறேன், மின்வேலை செய்கிறேன். மாதம் ஒருமுறை நடக்கும் எங்கள் தமிழ்ப் பூசையில் கதிரை அடுக்குவது முதல் மன்றாட்டு எழுதுவது வரை என் கை இல்லாமல் ஒன்றும் நடக்காது. கேட்காத இடத்திலும் மூக்கை நுழைக்கிற ஆள் என்று என் மனைவி பேர்ணடெட் சொல்வாள். அது உண்மைதான் என்று உறைக்க எனக்கு ஐம்பத்தெட்டு வயதாக வேண்டியிருந்தது.

நவம்பரில் சகல ஆத்துமாக்கள் பூசை வரும். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதித் தருவார்கள். அவற்றைச் சேர்த்துப் பட்டியலாக்கி வாசிப்பது நான். றெஜினோல்ட் வீட்டிலிருந்து அவனுடைய தகப்பனின் பெயர் மட்டும்தான் வரும். அவனுக்குக் கிளின்ரன் என்று ஒரு தம்பி. 2009 மே மாதத்தில், யுத்தத்தின் கடைசி நாட்களில், அவன் காணாமல் போனது எங்கள் ஊர் மன்னார்ச் சனம் எல்லோருக்கும் தெரியும். போன வருடத்தோடு பதினைந்து வருடம் ஆகியிருந்தது. தன் கையால் அந்தப் பெயரை எழுத இவனுக்கு மனம் வரவில்லையாக்கும், பாவம், என்று நானே முடிவுகட்டினேன். போன வருடப் பட்டியலில் தகப்பனின் பெயருக்குக் கீழே கிளின்ரனின் பெயரைச் சேர்த்துவிட்டேன். பெரிய உபகாரம் செய்கிறோம் என்ற நினைப்பு வேறு.

பூசையில் வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் சனம், செத்தவர்களுக்குச் சொல்லும் நித்திய இளைப்பாற்றி செபத்தைப் பதிலாகச் சொல்லிக்கொண்டே வந்தது. கிளின்ரனின் பெயருக்கும் சொன்னது. நான் அடுத்த பெயருக்குப் போகுமுன் நிமிர்ந்து பார்த்தபோது, றெஜினோல்ட் எழுந்து வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

பூசை முடிந்ததும் அவன் மனைவி பிரியந்தி நேரே என்னிடம் வந்தாள்.

"யூட் அண்ணை, ஆரைக் கேட்டு அந்தப் பேரைப் போட்டனீங்கள்? தம்பி உயிரோட வந்து சேருமட்டும் குடிக்கிறேல்ல எண்டு இவர் மடு மாதாவுக்கு நேர்த்தி வச்சிருக்கிறார். கோயில் கிண்ணத்தைக்கூடத் தொடுறேல்ல. உங்களுக்குத் தெரியாதே?"

தெரியாது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தம்பி இருக்கிறான் என்று ஒரு மனுசன் பதினைந்து வருடம் பிடித்துவைத்திருந்த நம்பிக்கையை, ஒரு காகிதத்தைப் பார்த்து வாசித்து முடித்துவிட்டேன். அன்றைக்குக் கதிரைகளை அடுக்கும்போது யார் முகத்தையும் பார்க்க வெட்கமாக இருந்தது.

ஒரு கிழமை கழித்து மன்னிப்புக் கேட்க ஃபோன் எடுத்தேன். அவன் குரலில் கோபம் இல்லை. "வெள்ளிக்கிழமை வானில ஒரு சீற் காலியா இருக்கு, வாங்கோ. அங்க கதைப்பம்" என்றான்.

போனேன். முன்னும் பலமுறை அவன் வானில் போயிருக்கிறேன். வழி முழுக்க அவன் வழக்கம்போலவே பேரிக்காயையும் புளிப்பையும் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான். பின்னேரம் மற்றவர்கள் படகில் ஏறிப் போனபிறகு, தோட்டக்காரப் பெண் எனக்கு ஒரு கிளாசில் வெள்ளை வைன் ஊற்றிக் கொடுத்தாள். அதோடு நாங்கள் இருவரும் கரையில் இருந்த வாங்கில் போய் உட்கார்ந்தோம். ஏரியில் கறுப்பு அன்னங்கள் நின்றன.

"தம்பி, பெரிய பிழை விட்டுட்டன்" என்றேன். "அடுத்த வருசம் அந்தப் பேரை எடுத்துப்போடுறன்."

"உங்களில கோவிச்சு நான் வெளிய போகேல்ல அண்ணை" என்றான். "நீங்கள் பேரை வாசிச்ச உடன, சனத்தோட சேந்து நானும் நித்திய இளைப்பாற்றி எண்டு சொல்லிப்போட்டன். வாய் பழக்கத்தில சொல்லிப்போட்டுது. சொன்னாப்பிறகுதான் ஆரின்ர பேர் எண்டு விளங்கினது. அதுக்குப்பிறகு அதில இருக்கேலாமப் போச்சு."

நான் கிளாசை வாங்கில் வைத்தேன்.

"பிரியந்தி அழுறா. இவ்வளவு காலம் பாத்தாச்சு, இனி விடுங்கோ எண்டு. பாதரும் நேர்த்தியில இருந்து விடுவிக்கலாம் எண்டுதான் சொல்றார். அவர் நல்ல மனுசன்."

என் கிளாசை எடுத்து மணந்து பார்த்தான். அவன் மணப்பதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை உதட்டுக்குக் கிட்டக் கொண்டுபோய், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு வாங்கில் வைத்துவிட்டான்.

"இதைக் குடிச்சன் எண்டா, அவன் செத்துப்போனான் எண்டு நானே முடிவெடுத்த மாதிரி. எனக்கு ஆரும் ஒரு எலும்பைக்கூடக் காட்டேல்ல அண்ணை. நான் எப்பிடி முடிவெடுக்கிறது?"

"சரி. பேரை எடுத்துப்போடுறன்" என்றேன் மறுபடியும்.

"வேண்டாம். ஒவ்வொரு வருசமும் வாசியுங்கோ. செத்திருந்தான் எண்டா அவனுக்கு உங்கட செபம் வேணும், அதை மறிக்க நான் ஆர்? ஆனா அண்டைக்கு நான் வரமாட்டன். உயிரோட இருந்தான் எண்டா, அவன் இருக்கிறான் எண்டு நம்ப ஒராளாவது வேணும்."

படகில் போனவர்கள் நனைந்துபோய்ச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். றெஜினோல்ட் எழுந்து போய் அவர்களுக்குத் துவாய் கொடுத்தான். அடுத்த தோட்டத்து வைனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். நான் அந்தக் கிளாசைத் தொடவில்லை.

இந்த வருடம் அந்தப் பூசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. றெஜினோல்ட் முதல்தடவையாக ஞாயிறு வேலைக்கு ஓம் என்று சொல்லி, ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டான். நான் தகப்பனின் பெயரை வாசித்தேன், பிறகு கிளின்ரனின் பெயரை வாசித்தேன். சனம் பதில் சொன்னது. இனி விடுங்கோ என்று அழுத பிரியந்தி, இரண்டாவது வரிசையில், கிளின்ரனின் பெயருக்கு மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.