துவக்குக்குப் பூசிய தேங்காயெண்ணெய்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டேகால் மணிக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்த, முயல் சுடும் வேட்டைத் துவக்கு, யாரும் தொடாமலே, ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டது. எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது அந்த நேரத்தில்தான். மணி எப்படி இவ்வளவு சரியாக ஞாபகம் என்று நீங்கள் கேட்கலாம். மகளுக்கு இருமல் மருந்து கொடுப்பதற்காக நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எழுபதுகளில் மெல்பேர்னில் நடந்த அந்தக் கதையை இன்று காலை கிளப்பிவிட்டது ஒரு தேங்காயெண்ணெய்ப் போத்தல். இப்போது நாங்கள் சிட்னியில், கிரவீனில் இருக்கிறோம். ஜூலைக் குளிரில் குசினி யன்னலோரம் வைத்த எண்ணெய் மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்துவிட்டது. மகள் வாணி தலைக்கு வைக்க எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. போத்தலை ஹீட்டரின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் பதறிப்போய் அதைத் தூக்கிக் கொண்டுபோய்க் கழுவுந்தொட்டிக்குள் வைத்தேன்.

“அம்மா, இட்ஸ் ஜஸ்ட் ஆயில்!” என்றாள், அறைக்குள் இருந்தபடியே.

வெறும் எண்ணெய்தான். ஆனால் உறைந்த தேங்காயெண்ணெய் உருகத் தொடங்கினால் நான் இன்றைக்கும் அந்த அறையில் நிற்கமாட்டேன். இதை ஒரு டொக்டரிடம் சொன்னால் அவர் என்னைத்தான் பரிசோதிப்பார்.

எங்களை மாதிரி ஆட்களிடம் துவக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லவேண்டும். வாணி கைக்குழந்தையாக இருக்கும்போது நாங்கள் மெல்பேர்னுக்கு வந்தோம். என் கணவர் சன்ஷைன் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர். அந்த நாளில் இறைச்சிக்கடையில் ஆட்டிறைச்சி கேட்டால் செம்மறியைக் காட்டுவார்கள். செம்மறி மணம் என்ன தூள் போட்டாலும் போகாது. ஊரிலிருந்து அம்மா அனுப்பிய கறித்தூள் டின்னில் இருந்தது; அதற்கேற்ற இறைச்சிதான் இல்லை. இந்தக் கவலையை இவர் வேலையிடத்தில் கெவினிடம் சொல்லியிருக்கிறார். கெவின் பட்டறையில் ஃபிற்றர், பண்ணையில் வளர்ந்தவர். “முயலுக்கு என்ன பஞ்சம்?” என்று கேட்டாராம். அடுத்த மாதம் எங்கள் வீட்டில் ஒரு துவக்கு இருந்தது. அந்தக் காலத்தில் அவ்வளவு இலேசாக வாங்கலாம்.

முயல் கறியின் மணம் பரவியதும் இன்னொருவன் வந்து சேர்ந்தான். சபேசன். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த தனிக்கட்டை. தன் அறையில் படுப்பான், எங்கள் வீட்டில் சாப்பிடுவான். “அக்கா, சும்மா இந்தப் பக்கம் வந்தனான்,” என்பான், கையில் எலுமிச்சம்பழத்தோடு.

எங்கள் துவக்கு ‘செமி ஒட்டோமற்றிக்’ வகை. ஒரு வெடி வெடித்ததும் அந்தப் புகையின் தள்ளலிலேயே உள்ளிருக்கும் போல்ட் பின்னுக்குப் போய், வெறுங்கோதை வெளியே எறிந்து, திரும்பி முன்னுக்கு வரும்போது அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிவிடும். கெட்டிக்காரச் சாமான், ஆனால் ஊத்தை பிடித்தது. தன் புகையைத் தானே குடிக்கிறதல்லவா? ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் கழற்றிக் கழுவாவிட்டால் வேலை செய்யாது.

அந்தக் கழற்றல் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு. மேசையில் பழைய பேப்பர் விரிப்பார். முதலில் தோட்டா இல்லையென்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பார். பிறகு முன்மூடியைத் திருகினால் கைபிடிக்கும் மரத்துண்டு வரும். குழல் தனியே வரும். கரி படிந்த வளையமும் பிஸ்டனும் வரும். இழுபிடியைப் பிடுங்கினால் போல்ட் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இரண்டு ஊசிகளைத் தட்டிவிட்டால் விசைப்பகுதி முழுதாகக் கழன்றுவிடும். கழற்றிய ஒழுங்கிலேயே எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் அடுக்குவார். எங்கள் கலியாணத்தில் கூறைச்சேலை வைத்த பித்தளைத் தாம்பாளம்!

“இஞ்சாருங்கோ, அதிலயோ வைக்கிறியள்?”

“உருளாதப்பா. விளிம்பு இருக்கெல்லே.”

பழைய வேட்டியை நான்தான் சதுரம் சதுரமாகக் கிழித்துக் கொடுப்பேன். தடியில் சுற்றிக் குழலுக்குள் தள்ளினால் முதல் துண்டு கறுப்பாக வரும், அடுத்தது சாம்பலாக, பிறகு வெள்ளையாக. வெள்ளை வந்ததும் இவர் குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து ஒரு கண்ணால் பார்ப்பார். “பாரும், கண்ணாடி மாதிரி!” நானும் பார்ப்பேன். உள்ளே வட்டம் வட்டமாக வெளிச்சம் ஓடும். கரி நீக்கும் திரவத்தின் நெடி, அடுப்பில் வேகும் முயல், வானொலியில் விளங்காத கிரிக்கெட். அந்த மாலைகளை நினைத்தால், பயந்த பெண்ணாகிய நானே சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அந்தக் கிழமை துவக்கு எண்ணெய் முடிந்துபோயிருந்தது. சனி மத்தியானம் கடைகளைப் பூட்டினால் திங்கள்தான் திறப்பார்கள். மறுநாள் விடியக் கெவினோடு வேட்டை. இவர் வெறும் போத்தலைத் தட்டிக்கொண்டு நிற்க, சபேசன் குசினிக்குள் போய் என் தேங்காயெண்ணெய் டின்னோடு வந்தான்.

“அண்ணை, ஊரில தையல் மெசினுக்கு இதைத்தானே விடுறவை? சைக்கிள் செயினுக்கும் இதுதானே?”

உண்மைதான். கதவுப் பிணைச்சலிலிருந்து தலைமயிர் வரைக்கும் எங்களுக்கு ஒரே எண்ணெய். யாழ்ப்பாணத்து வெயிலில் தேங்காயெண்ணெய் உறைந்து பார்த்தவர் எங்களில் யார்? வந்து முதல் குளிர்காலம். என் டின் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தபடியால் நானும் அறியவில்லை. இவர் போல்ட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் தாராளமாகப் பூசினார். பொறியியலில் முதலாம் வகுப்பு.

ஞாயிறு விடியற்புறம் பலரற் வீதிக்கு அப்பால், புல்லெல்லாம் வெண்பனி. துவக்கு முதலில் ஒழுங்காகத்தான் வெடித்ததாம். குளிர் ஊற ஊற போல்ட் சோம்பேறியாகி, கடைசியில் முக்கால்வாசி மூடிய நிலையில் இறுகிவிட்டது. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. “பறவாயில்லை, மூண்டு போட்டன், மூண்டும் வெடிச்சது,” என்று இவர் அதைக் காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மிச்ச முயல்களைக் கெவின் தன் துவக்கால் சுட்டார்.

வீட்டுக்கு வந்ததும் துவக்கை மேசையில் வைத்துவிட்டு, இவரும் சபேசனும் முயல் உரிக்கப் பின்வளவுக்குப் போனார்கள். மேசைக்குப் பக்கத்தில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் மெல்ல உருகியிருக்கிறது. இறுகி நின்ற ஸ்பிரிங்குக்குத் திரும்ப உயிர் வந்து, போல்ட்டை ஒரே தள்ளாகத் தள்ளி மூடியது. அதுதான் நான் கேட்ட ‘டக்’.

நான் பின்கதவில் நின்று கத்தினேன். “இஞ்சாருங்கோ, அது சத்தம் போடுது!”

“வெறும் துவக்கப்பா. சும்மா பயப்பிடாதையும். மூண்டும் வெடிச்சது.”

சபேசன் முயலைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தான். “அண்ணை... மூண்டாவது சத்தம் கெவின்ர எல்லோ?”

அப்படியென்றால் ஒரு தோட்டா இன்னும் உள்ளே இருக்கலாம். இவர் கையைக்கூடக் கழுவாமல் உள்ளே வந்து சாப்பாட்டறை வாசலில் நின்றார். குழலின் வாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெல்லிய பலகைச் சுவர். அதற்கு மறுபுறம் வாணியின் கட்டில். வாணி அதில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு மருந்துக்காக அழுதுகொண்டிருந்தாள்.

நான் எப்படி அந்த அறைக்குள் போனேன், எப்படிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தேன் என்பது எனக்கு நினைவில்லை. இவர் துவக்கைத் தூக்கப் போனார். “கை வைச்சியளோ, நான் பிள்ளையோட ஊருக்குப் போறன்!” என்றேன். எண்ணெய் பாதி உருகிப் பாதி இறுகிக் கிடக்கும் இயந்திரம் தொட்டால் என்ன செய்யும் என்று அவருக்கும் தெரியவில்லை. ஹீட்டரைக்கூட நிற்பாட்டத் துணியவில்லை. கெவின் வீட்டுக்குப் போன் எடுத்தோம். முயல் ஒன்று கொடுக்கத் தாயிடம் போய்விட்டார், அங்கே போன் இல்லை, வந்ததும் அனுப்புகிறேன் என்றார் மனைவி.

காத்திருந்தோம். இவர் சாப்பாட்டறை வாசலுக்கு வெளியே கதிரை போட்டு, நாய் காவல் இருப்பதுபோல் இருந்தார். நான் முன்படியில் வாணியைக் கம்பளியால் சுற்றி வைத்திருந்தேன். சபேசன் தோட்டத்தில் நின்று “அக்கா, நான்தான் எண்ணெய் எடுத்துத் தந்தனான்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எண்ணெய் என்னுடையது.

அந்த வீடு இப்போது இல்லை; அந்த இடத்தில் மூன்று அடுக்கு வீடுகள். சனி மத்தியானம் பூட்டும் கடைகள் இல்லை. சட்டம் மாறிய பிறகு அந்தமாதிரித் துவக்குகளை அரசாங்கம் திருப்பி வாங்கியது. இவர் கடைசி முறையாகக் கழற்றித் துடைத்து, சரியான எண்ணெய் பூசிக் கொண்டுபோய்க் கொடுத்தார். நசுக்கத்தானே போகிறார்கள் என்றேன். “எண்டாலும் ஊத்தையாக் குடுக்கிறதே?” என்றார். சபேசன் கனடாவில், இரத்த அழுத்தத்தால் இறைச்சியை விட்டுவிட்டான். தாம்பாளம் இருக்கிறது, கரி மணம் போய்விட்டது. கெவினும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பேசிய ஆங்கிலம் எல்லாம் என் ஞாபகத்தில் எப்படியோ எங்கள் தமிழாகிவிட்டது.

அன்று இருட்டுப்பட முன்னர் அவருடைய கார் வந்து நின்றது. நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். கெவின் பாதியில் கையை உயர்த்திவிட்டு உள்ளே போனார். குழலைக் கூரைப்பக்கம் நிமிர்த்திப் பிடித்தபடி துவக்கைப் பின்வளவுக்குக் கொண்டுவந்தார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார். தேங்காய்ப்பூவில் புரட்டிய லாமிங்டன் என்ற கேக் இந்த நாட்டில் பேர்போனது.

“ஆர் இதுக்குள்ள லாமிங்டன் சுட்டது?” என்று கேட்டார். சபேசன் சிரித்தான். இவரும் சிரித்தார். கெவின் குழலை மண்ணுக்குத் திருப்பி, சிரித்தபடியே இழுபிடியை முழுப்பலத்தோடு பின்னுக்கு இழுத்தார்.

சிவப்புத் தோட்டா ஒன்று, வெடிக்காத முழுத் தோட்டா, துள்ளி விழுந்து புல்லில் கிடந்தது.

கெவின் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு என் இடுப்பில் இருந்த வாணியைப் பார்த்தார். துவக்கை மெல்லப் புல்லில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

“ஒரு தேத்தண்ணி போடு பிள்ளை,” என்றார். “சீனி கூடப் போடு.”