அம்மா விரல் விட்ட கல்

அம்மாவுக்கு எந்தத் துளையையும் விரல் விட்டுத் துடைத்தால்தான் நிம்மதி. மலேசியாவில் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பால் வெட்டியவர். ரப்பர் மரத்தில் கட்டியிருக்கும் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை எடுத்து, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, எறும்பையும் சருகையும் வழித்துப் போட்ட பிறகுதான் வெட்டுக் கத்தியைத் தொடுவார். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டு நாங்கள் ஈப்போ நகரத்துச் சிலிபின் பகுதிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. தம்ளர், மண்ணெண்ணெய் விளக்கு, என் காது, எல்லாவற்றுக்கும் அதே விரல்தான்.

அம்மாவின் பெயர் அகதா. அப்பா தோட்டத்திலேயே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். ஈப்போவில் மீன் தொட்டிகள் விற்கும் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கடையில் அம்மாவுக்குத் தொட்டி கழுவும் வேலை கிடைத்தது. பணக்கார வீடுகளுக்காகத் தவுக்கே கடல் மீன்களும் வைத்திருந்தார். லுமுட் கடற்கரையிலிருந்து பீப்பாய்களில் கடல் தண்ணீர் வரும். நான் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் படித்து, தாப்பா ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டேன்.

1984 தொடக்கத்தில் ஒரு மீனவரின் வலையில் துளை துளையான கல் ஒன்று சிக்கி, தண்ணீரோடு கடைக்கு வந்தது. வாங்க ஆள் இல்லை. அம்மா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். விளிம்பில் விரிசல் விட்ட ஒரு தொட்டியையும் தவுக்கே கொடுத்தார்.

"இங்க வந்து பாரு லூயிசு. கல்லு மூச்சு விடுது."

வீட்டுக்குப் போயிருந்த நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு குழாயிலிருந்து வெள்ளை விசிறி விரிந்தது. என் நிழல் பட்டதும் உள்ளே போய்விட்டது.

"புழு வகைம்மா."

"புழுவா? இவ்ளோ அழகாவா? ஒழுங்கா படிச்சியாடா நீ?"

அடுத்த வாரம் துளைகளிலிருந்து கருப்பான, மெல்லிய கைகள் நீண்டு இறால் துணுக்குகளை இழுத்துக்கொண்டு போவதைக் காட்டினார். அதற்குத் திருடன் கை என்று பெயர் வைத்திருந்தார். நட்சத்திர மீனுக்குச் சொந்தம் என்றேன். "சொந்தத்துலயும் திருடன் இருப்பான் லா" என்றார். அதற்கடுத்த வாரம், தொட்டால் தண்ணீர் பீய்ச்சும் பை போன்ற ஒன்று.

பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா ஒருநாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சொன்னார்: "முன்னல்லாம் மாசத்துக்கு ஒருக்கா வருவ. இப்ப வாராவாரம் வாரே. லூயிசுக்குக் காட்டப் புதுசா ஒன்னும் கெடைக்கலியேக்கான்னு சனிக்கெழமையானா என் உசுர எடுக்கறா ஒங்கம்மா."

ஆகஸ்டில் அம்மா சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. "கம்பளிப்பூச்சி மாதிரி ஒருத்தன் இருக்கான்டா. செங்கல் செவப்பு. ரெண்டு பக்கமும் வெள்ள மயிரு. வெளிச்சம் பட்டா ஓடிருவான்."

அன்று அது வெளியே வரவில்லை. ஆனால் அந்த மாதிரிக் கடல் புழுவின் மயிர் தோலில் ஏறி முறிந்துகொள்ளும் என்று படித்திருந்தேன். அம்மாவுக்கு இனிப்பு நீர் வியாதி வேறு. விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. அடுப்பிலிருந்து சட்டியைத் துணியில்லாமல் இறக்குவார். அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"அதுல கைய விடாதம்மா. ஒனக்குக் குத்தினாலும் தெரியாது. கல்லத் தூக்கிப் போட்டுடலாம்."

"போடலாம், போடலாம். மொதல்ல அவன் பேரச் சொல்லு."

"பாக்காம எப்படிச் சொல்றது?"

"அப்பப் பாத்துட்டுப் போடு. சும்மா அவசரப்படாத லா."

அடுத்த ஞாயிறு வந்தபோது அம்மா படுத்திருந்தார். காய்ச்சல். வலது கையில் மஞ்சளும் சுண்ணாம்பும் பற்றுப் போட்டிருந்தது. கழுவிப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நீலம் பாரித்திருந்தது. வீக்கம் மணிக்கட்டை நெருங்கியிருந்தது.

"என்னம்மா இது?"

"மாரியம்மா வீட்டு ரோசா முள்ளு."

டாக்சி பிடித்து ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரும் அதையே கேட்டார். எது குத்தியது, துருப்பிடித்த இரும்பா, மீன் முள்ளா? தெரிந்தால் மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும், கையைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். அம்மா ரோசாவை விட்டு நகரவில்லை.

கூட வந்திருந்த மாரியம்மா அக்கா என்னை வெளியே இழுத்தார். "எங்க வீட்ல ஏதுடா ரோசா? இருந்த ஒன்னையும் ஆடு தின்னு வருசமாச்சு."

உள்ளே போனேன். "கல்லுலதானே விரல விட்ட?"

"அவன் பொந்துல குப்ப சேந்து கெடந்துச்சு. தொடச்சு விட்டேன்."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ கல்லத் தூக்கிப் போட்டுருவ."

சிலிபினுக்கு ஓடினேன். நைலான் துணியில் இறால் துண்டைக் கட்டிக் கல்லின் ஓரத்தில் வைத்து, தொட்டியைப் போர்வையால் மூடினேன். போர்வையை எடுத்தபோது புழு துணியில் மயிர் சிக்கிக் கிடந்தது. என் நடுவிரலைவிட நீளம். சாராயம் ஊற்றிய போத்தலில் போட்டேன். ஆஸ்பத்திரி நுண்ணோக்கியில் அதன் மயிரையும், அம்மா விரலிலிருந்து டாக்டர் உருவி வைத்திருந்த இழையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். கண்ணாடி ஊசி போல இரண்டும் ஒன்றுதான். நெருப்புப் புழு.

டாக்டரிடம் சொன்னேன். அவர் நன்றி சொன்னார். கறுப்பு இதற்குள் மணிக்கட்டைத் தாண்டிவிட்டது, கையை எடுக்க வேண்டும் என்றார்.

அறுவைக்கு முன் அம்மா கேட்டார். "புடிச்சிட்டியா?"

போத்தலைக் காட்டினேன். சாராயத்தில் நிறம் போய், புழு வெளிறிக் கிடந்தது. அம்மா இடது கையால் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அவன் இல்ல."

"அதேதாம்மா. சாராயத்துல வெளுத்துப் போச்சு."

"எனக்குத் தெரியாதா? அவன் செவப்பா இருப்பான். இது வேற. இன்னும் நல்லாப் பாரு."

அறுவைக்குப் பிறகு அம்மா கண் விழிக்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு கிருமிப் பரிசோதனை முடிவு வந்தது. விஷம் ரத்தத்தில் ஏறக் காரணம் கடல் நீரில் வாழும் ஒரு கிருமி. வீட்டுத் தொட்டித் தண்ணீரை எடுத்து வளர்த்துப் பார்த்தேன். அதே கிருமி வந்தது. தவுக்கே கடைப் பீப்பாய்த் தண்ணீரிலும் வந்தது. அம்மா பல வருடமாகத் தினமும் கை நனைத்த தண்ணீர். எந்தக் கீறல் வழியாக, எந்த நாளில் அது உள்ளே போனது என்று எந்தச் சோதனையும் சொல்லாது.

மாரியம்மா அக்கா கேட்டார்: "அந்தப் புழுதானேடா அவளக் கொன்னுச்சு?"

தெரியவில்லை அக்கா என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு படித்தவன் தெரியவில்லை என்றால் எதையோ மறைக்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்.