மதினி தேடிய கீறல்

அண்ணன் பர்மாச் சண்டையில் செத்துப்போனதாகத் தந்தி வந்தபோது, அவன் மனைவி, என் மதினி, நம்பவில்லை. பட்டாளத்தில் ஆள் மாறித் தந்தி அனுப்பிவிடுவதும் உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். “அவிய வாட்ச் வரட்டும், பொறவு அழுறேன்” என்றாள் மதினி.

சில மாதம் கழித்து அண்ணன் கட்டியிருந்த வாட்ச் பட்டாளத்திலிருந்து பார்சலில் வந்தது. ராஜபாளையம் தபாலாபீசில் அதை வாங்கிய அப்பா நேரே வீட்டுக்கு வரவில்லை. அவருக்கு எதுவும் பளபளவென்று இருந்தாக வேண்டும். துலக்கிய விளக்கையே மறுபடி துலக்கச் சொல்லி எங்கள் உயிரை எடுப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் இருந்த வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் போய், ஸ்டீல் மேலிருந்த கீறல்களையெல்லாம் மெருகுப் பொடி போட்டுத் தேய்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறார். அப்படியே மருமகள் கையில் கொடுக்க மனசு வரவில்லையாம்.

மதினி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அண்ணன் லீவில் வந்திருந்தபோது கிணற்றுக் கல்லில் உரசி விழுந்த கீறலைத் தேடினாள்.

“இது அவிய வாட்ச் இல்ல மாமா” என்று சிரித்தாள். தந்தி வந்த பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

அப்பா நடந்ததைச் சொல்லிப் பார்த்தார். அவள் காதில் ஏறவில்லை.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த ரிப்பேர்க்காரரிடம் போனார். கிணற்றடிக் கீறலைத் திரும்பப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்.

“போட்டுறலாம் அண்ணாச்சி. அதுல நெறைய இருந்துச்சே, நீங்க கேக்குறது எது?”

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது. அது மதினிக்கு மட்டும்தான் தெரியும்.